மெதுவாகப் போகிற பஸ்

(மலைப்பயண ஆர்வலர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, உயர்ந்த மலைநாடுகளுக்குப் போவதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இமயமலை முழுவதையும் ஒரு மாலைக்குள் அடக்க முடியாது. எனக்குப் பழக்கமான ஒரு பாதையோடு நிறுத்திக்கொள்கிறேன். சிம்லாவிலிருந்து சட்லஜ் ஆற்றோரமாகக் கின்னௌருக்குள் நுழைந்து, கப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சேருமிடத்தில் இடப்பக்கம் திரும்பி, காஸா வரை போகும் பாதை அது. அதில் இமாச்சல் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண பஸ் ஓடுகிறது. அந்த பஸ்ஸைப் பற்றியும், அதிலிருந்து இறங்கி நடப்பதைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

மலைக்குப் போகத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் ஷூ பற்றிக் கேட்கிறார்கள். ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், பவர் பேங்க் எல்லாம் கேட்கிறார்கள். 'எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும்' என்று முதல் கேள்வியாகக் கேட்டவர் யாரும் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் உயிரைக் காப்பது அந்த ஒன்றுதான். மற்ற சாமான் எதையும் காஸா கடைத்தெருவில் வாங்கலாம், இரவல் கேட்கலாம். நாட்களை மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். மேலே போனால் ஆக்ஸிஜன் சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மெரினாவிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சம் கணவாயிலும் அதே 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். காஸா ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது அவ்வளவுதான்.

உடம்பு உடனே மூச்சை வேகப்படுத்துகிறது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரப்பக்கம் சாய்ந்துவிடும். மூளையிலிருக்கும் சுவாச மையம் அதைக் கண்டு கடிவாளத்தை இழுக்கும். பகலில் இது தெரியாது. இரவில் தெரியும். தூக்கத்தில் மூச்சு ஆழமாகி, மெல்ல மெலிந்து, சில விநாடி நின்றே போகும். திடுக்கிட்டு எழுந்து வாயைத் திறந்து காற்றை இழுப்பீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பயந்துவிடுவார். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சமன்படுத்தும் வரை இந்த இழுபறி நீடிக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும். கூடுதலாகச் சிவப்பணுக்கள் உண்டாக வாரங்கள் பிடிக்கும். தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் சிறுநீரகம் அவசரமாக வேலை செய்யாது. நல்ல உடற்பயிற்சி உள்ள இளைஞர்கள்தான் அங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். கால் வலிக்காததால் உடம்பு பழகிவிட்டது என்று நம்பி மேலே மேலே போய்விடுகிறார்கள்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, டயமாக்ஸ் என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பது, சிறுநீரகத்தின் இந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. நல்ல மருந்துதான். மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த மாத்திரையும் நாளுக்கு ஈடாகாது.

இந்த அறிவு நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்த ஜவான்களை அவசர அவசரமாக மலைமேல் ஏற்றினார்கள். குண்டு படாமலேயே பலர் விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்தது, மூளை வீங்கியது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரது குழுவினரும் அந்த நோயாளிகளைக் கவனித்து எழுதிவைத்தார்கள். 1,925 ஜவான்களைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1969-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. உலகத்தில் மலைநோயைப் படிக்கிற எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. இன்றும் நம் ராணுவம் 9,000 அடிக்கு மேல் போகும் ஜவானை முதல் கட்டத்தில் ஆறு நாள் பழக்குகிறது. 12,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள். 15,000 அடிக்கு மேல் மறுபடி நான்கு நாள். கட்டளை இட்டவுடன் ஓட வேண்டிய ஜவானுக்கே இத்தனை நாள் கொடுக்கிறார்கள். ஐந்து நாள் பேக்கேஜில் போகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் பயணிகளுக்குச் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், படுத்துறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் இரவுக்குக் கீழே வந்துவிடுங்கள்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பிதியின் வரைபடத்தைப் பாருங்கள். காஸாவுக்கு இரண்டு வாசல். ஒன்று மணாலி வழி. மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்பி, குன்சம் ஏறி இறங்கி, அன்றிரவே காஸாவில் படுக்கிறார்கள். ஒரே பகலில் படுக்கை 1,600 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. 2020 அக்டோபரில் அந்த வழியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. மலைக்கு அப்பாலுள்ள லாஹௌல் மக்களுக்கு அது பெரும் வரம்; குளிர்காலத்தில் ரோத்தாங் கணவாய் மூடியபின் பிரசவத்துக்குக்கூட வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சுற்றுலா வந்தவருக்கு அது அவசரத்தை இன்னும் சுலபமாக்கிவிட்டது.

இன்னொரு வாசல் கின்னௌர் வழி. சிம்லா 2,200 மீட்டர். அங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓடி பஸ் ரெக்காங் பியோவில் நிற்கிறது. பியோ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உயரம் 2,290. மேலே கல்பா இருக்கிறது. 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. எதிரே கின்னர் கைலாசம் முழுசாகத் தெரியும். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு காலை பஸ். நிறையப் பேர் நாகோவில் இறங்கிப் படுத்துவிடுகிறார்கள். ஏரி அழகு, ஆயிரம் ஆண்டு நெருங்கும் கோயில்கள் அழகு, ஆனால் நாகோ காஸாவைப் போலவே உயரம். பஸ்ஸிலேயே இருங்கள். அது நாகோ ஏறி, சாங்கோ பக்கம் இறங்கி, 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்குக் கொண்டு போய்விடும். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்ந்த இடத்தில் படுக்க வேண்டும் என்ற விதியை அந்த பஸ் தானாகவே நிறைவேற்றிவிடுகிறது. தாபோவில் கி.பி. 996-இல் எழுந்த மண் கோயில் இருக்கிறது. வெளியே பார்த்தால் வெறும் களிமண் சுவர். உள்ளே டார்ச் வெளிச்சத்தில் சுவரெல்லாம் ஓவியம், சுவரிலிருந்து எழுந்து வருகிற சுதைச் சிற்பங்கள். இரண்டு நாள் தாராளமாகப் போகும். அதன்பிறகு காஸா. உடம்பு ஒரு வார்த்தை முணுமுணுக்காது.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். ஒரு பக்கம் மூன்று பேர் சீட், மறுபக்கம் இரண்டு பேர் சீட். முழங்கால் முன்சீட்டின் இரும்பில் இடிக்கும். நகர்த்தும் கண்ணாடி ஜன்னல், குலுங்கக் குலுங்கத் தானே திறந்துகொண்டு புழுதியை உள்ளே அள்ளிப் போடும். உள்ளூர்க்காரர்கள் டிக்கெட்டை நான்காக மடித்து அந்த இடுக்கில் செருகிவிடுவார்கள், கண்ணாடி அசையாது. இறங்கும்போது எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். கடைசி சீட்டில் உட்காராதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் பஸ்ஸின் உடம்பு நீண்டு தொங்குவதால் சக்கரம் ஒரு சாண் எழும்பினால் அங்கே உட்கார்ந்தவர் இரண்டு சாண் எழும்புவார். இரண்டு அச்சுக்கும் நடுவே இடம் பிடியுங்கள். பை கூரைமேல் போகும். அதற்கு முன் உள்ளேயிருக்கும் துணியெல்லாவற்றையும் ஒரு கனமான பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். மழைக்காக மட்டுமில்லை, புழுதிக்காகவும். தண்ணீர், கம்பளி, மருந்து மூன்றும் மடியில் இருக்கட்டும்.

ஓட்டுநரைக் கண்டக்டர் 'உஸ்தாத்' என்று கூப்பிடுவார். விசில்தான் அவர்களுக்குள் மொழி. குறுகலான வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் கண்டக்டர் குதித்து இறங்கி, பின்னால் போய் நின்று, விசிலாலேயே பஸ்ஸைப் பின்னுக்கு அழைப்பார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சாலையின் விளிம்பு தெரியாது. எங்கோ கீழே சட்லஜ் தெரியும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் ஒருவரும் கத்த மாட்டார்கள். உஸ்தாத் கண்ணாடியைப் பார்த்தபடி சக்கரத்தை விரல் அளவு திருப்புவார். உலகத்தில் நான் மதிக்கிற கைத்திறன்களில் அதுவும் ஒன்று.

தராண்டா என்ற இடத்தில் பாறையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை கூரைபோல் வளைந்து நிற்கும். பக்கத்திலிருக்கும் அம்மன் கோயிலில் எல்லா வண்டியும் நிற்கும். வேண்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850-இல், தொடங்கப்பட்ட இந்துஸ்தான் - திபெத் சாலையின் வாரிசு இது. ஆட்டுமந்தைக்கும் கோவேறு கழுதைக்கும் வெட்டிய மலைச்சரிவில் இன்று பஸ் ஓடுகிறது. மலை இன்னும் அடங்கவில்லை. 2021 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நிகுல்சரியில் சரிவு விழுந்து ஒரு பஸ்ஸும் வேறு வண்டிகளும் புதைந்தன. 28 பேர் போனார்கள். இதை மறைத்துவிட்டு உங்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, அப்போதும் காய்ந்தே கிடக்கும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஸ்பிதிக்குப் போகும் வழி காய்ந்து கிடக்காது. ஜூன் முற்பாதி, இல்லையென்றால் செப்டம்பர்.

நாகோவைத் தாண்டினால் மாலிங் நாலா. கல்லும் சேறும் ஓயாமல் சரிந்துகொண்டிருந்த இடம். சாலை அடித்துப் போன காலங்களில் பஸ் அங்கேயே நின்றுவிடும். எல்லோரும் இறங்கி, சாமானைத் தூக்கிக்கொண்டு, சரிவைக் குறுக்கே நடந்து கடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் இன்னொரு பஸ்ஸில் ஏற வேண்டும். ட்ரான்ஸ்ஷிப்மெண்ட் என்பார்கள். ஒரு முறை என் முன்னால் போன பாட்டி முதுகுக் கூடையில் ஆப்பிள் நாற்றுகளை நட்டுக்குத்தாகக் கட்டிக்கொண்டு போனார். வேரில் ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. மேலிருந்து சிறுகற்கள் உருளும்போதெல்லாம் நின்று, நிமிர்ந்து பார்த்து, ஓய்ந்ததும் நடந்தார். அவர் செய்ததை அப்படியே செய்துகொண்டு பின்னால் போனோம்.

கஷ்டமான பயணம் என்று நாம் ஊருக்கு வந்து சொல்கிறோமே, அந்தப் பாட்டிக்கு அது சந்தைக்குப் போய்த் திரும்பும் வழி. காஸாவிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அந்த பஸ்ஸில் வருகிறது. பியோவில் வாங்கிய டிராக்டர் உதிரிபாகம், கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அம்மா கொடுத்த வெண்ணெய், செய்தித்தாள் கட்டு, எல்லாம் கண்டக்டர் கையில். வழியில் யாரோ ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜன்னல் சீட்டுக்காக அங்கே தகராறு செய்யாதீர்கள். வயதானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள். 'ஜூலே' என்று வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அந்த பஸ்ஸில் நாம் விருந்தாளிகள்.

பஸ்ஸில் வாந்தி வந்தால் அது வளைவினாலா, உயரத்தினாலா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். வளைவினால் வந்தது கீழே இறங்கி உட்கார்ந்த சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காமல் தலைவலியும் சேர்ந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் இறங்க வேண்டும். குன்சத்துக்கு மணாலிப் பக்கம், பாதலில், ஒரு கல்லூரிப் பையனை ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே கொண்டு போனதைப் பார்த்தேன். மணாலியிலிருந்து நேராக ஏறி வந்து சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரத்தில் படுத்தவன். அது 4,200 மீட்டருக்கு மேல். தன் பெயரைக் கேட்டதற்கு அவன் வெகுநேரம் யோசித்தான். நண்பர்கள் அதுவரை அவன் களைத்துப் போயிருக்கிறான் என்றே நினைத்திருந்தார்கள்.

காஸா வந்தபின் கூடாரச் சுமை இல்லாமலேயே நடக்கலாம். லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் மூன்றும் 4,400, 4,500 மீட்டர் உயர ஊர்கள். முதலில் பகலில் ஏறிவிட்டு இரவுக்குக் காஸா திரும்புங்கள். உடம்பு ஒப்புக்கொண்டபின் லாங்ஸாவிலிருந்து கோமிக், தேமுல், லாலுங், தங்கர் என்று ஊர் ஊராக நடந்து, வீடுகளில் தங்கிக்கொண்டே போகலாம். பத்துக் கிலோவுக்கு மேல் பை வேண்டாம். இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிறகு சரிசெய்யுங்கள். பாரம் இடுப்பில்தான் உட்கார வேண்டும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது, வெயில் மறைந்த நிமிடமே குளிர் பிடித்துக்கொள்ளும். கம்பளியோ, சீக்கிரம் காயும் துணியோ போடுங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பனி உருகி வரும் தண்ணீர் மதியத்துக்குமேல் பெருகும். காலையில் கணுக்கால் நனைத்த ஓடை மாலையில் ஆளை இழுக்கும்.

லாங்ஸாவில் குழந்தைகள் கறுத்த உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். உடைந்த பாதியில் சுருள் சுருளாக ஒரு முத்திரை பதிந்திருக்கும். அம்மோனைட் என்ற கடல் உயிரின் புதைபடிவம். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்தது. நம் வீட்டுப் பூஜைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமமும் அதே இனம்தான். அது நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கிறது. கையில் வைத்துப் பாருங்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலைக்கு வாங்க ஆளிருக்கும்வரை அந்த மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோமிக்கில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் குக்கர் விசில் கேட்கிறது. குக்கர் வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அவர்கள் கண்ட வழி வறுத்த பார்லி மாவு, சம்பா. நம் சத்துமாவைப் போல முன்கூட்டியே வறுத்து அரைத்தது. வெண்ணெய்த் தேநீரில் பிசைந்தால் சாப்பாடு தயார், அடுப்புக்கு வேலையில்லை. மரமில்லாத நாட்டில் சாண எரிபொருளை மிச்சப்படுத்த இதைவிடச் சிறந்த உணவு கிடையாது. உப்புப் போட்ட அந்தத் தேநீரை முதல் வாயிலேயே வேண்டாமென்று ஒதுக்காதீர்கள். அந்த வறண்ட காற்றில் உடம்புக்குத் தேவையான தண்ணீரும் உப்பும் கொழுப்பும் ஒரே கோப்பையில் இருக்கின்றன.

நடையில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். கின்னௌரின் காஃப்னூவிலிருந்து பாபா கணவாய் ஏறி, ஸ்பிதியில் 'பின்' என்ற பள்ளத்தாக்கின் மூத் ஊரில் இறங்கும் நடை. கணவாய் வரை பச்சை. ஓடை, பூ, ஆட்டுக்கிடை. 4,900 மீட்டர் உயர முகட்டில் ஏறி நின்றால் மறுபுறம் ஒரு புல் கிடையாது. சிவப்பும் சாம்பலுமாக வெறும் மலை. பருவமழை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற முகடு அது. மேகம் நம் முதுகுக்குப் பின்னால் சுவரில் மோதியதுபோல் தேங்கி நிற்கும். அனுபவமுள்ள உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே போகக் கூடாது.

திரும்பும்போது குன்சம் வழியாக மணாலிக்கு வாருங்கள். அதுவரை உடம்பு பழகியிருக்கும், படுக்கும் உயரமும் இறங்குமுகம். மணாலியிலிருந்து ஏறி வருகிறவர்களின் அதே சாலை, அதே பஸ்; திசை மாறியதில் ஆபத்துப் பெரும்பகுதி விலகிவிடுகிறது. குன்சத்தில் அம்மன் கோயிலை வண்டியோடு ஒரு வலம் வந்துதான் கிளம்புவார்கள். பாதலில் இறங்கிச் சாப்பிடுங்கள். அதன்பிறகு கிராம்ஃபூ என்ற இடம் வரை சாலை என்று பெயருக்குத்தான். ஆற்றுக் கற்களின் மேல்தான் வண்டி போகும். கண்டக்டர் முன்னே இறங்கி ஓடைக்குள் நடந்து ஆழம் பார்ப்பார்.

சரி, மொத்தம் எத்தனை நாள்? சிம்லாவில் ஒன்று, கல்பாவில் இரண்டு, தாபோவில் இரண்டு, காஸாவில் மூன்று, மேலே ஊர்களில் நான்கு, திரும்ப இரண்டு. சாலை அடைத்தால் காத்திருக்கக் கூடுதலாக மூன்று. நம் ஊரிலிருந்து சிம்லா போய்வரும் ரயில் நாட்கள் தனி. மூன்று வாரம் லீவு சொல்லுங்கள். அவ்வளவு கிடைக்காது, ஒரு வாரம்தான் என்றால் இந்த ஆண்டு ஸ்பிதி வேண்டாம். கல்பாவரை போங்கள். ரோகி கிராமம்வரை ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நடங்கள், காய்ந்த சில்கோஸா கொட்டையை உடைத்துச் சாப்பிடுங்கள், அங்கிருந்தே பஸ் பிடித்துத் திரும்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு லீவு சேர்த்துக்கொண்டு வாருங்கள். காஸா பஸ் பியோவிலிருந்து காலையில் புறப்படும். டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கலாம்; விடியுமுன் போய் நில்லுங்கள்.